மோதிரத்துக்குள் நுழையும் சால்வை
ஷெட்லாந்து தீவுகள், ஸ்காட்லாந்து

ஷெட்லாந்து ஆடு உருவத்தில் சிறியது. குளிரையும் கடற்காற்றையும் தாங்கும். கோடை தொடங்கும்போது அதன் கம்பளி தானாகவே கழலத் தொடங்கும். அப்போது கத்தரி வைக்காமல் கையாலேயே மெல்லப் பிடுங்கி எடுப்பார்கள். வெட்டுப்படாத இழை என்பதால் அதன் நுனி மென்மையாகவே இருக்கும். கழுத்துப் பகுதிக் கம்பளிதான் மிக மெல்லியது. அதைச் சீவி, ராட்டையில் நூற்று, இரு புரியாக முறுக்கி, உன்ஸ்ட் தீவுப் பெண்கள் லேஸ் சால்வை பின்னினார்கள். விரித்தால் ஆளுயரத்துக்கு மேல் அகலம். சுருட்டினால் திருமண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்.

வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருப்பு எல்லாம் ஆட்டின் சொந்த நிறங்கள். சாயம் தேவையில்லை.

பின்னும் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பட்டை கட்டியிருந்தார்கள். குதிரைமயிர் அடைத்த அதன் துளையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிவிட்டால், முதுகில் கூடை சுமந்து நடந்தபடியே பின்னலாம். பெண்கள் அப்படித்தான் பின்னினார்கள். இவ்வளவு உழைப்புக்கும் வணிகர்கள் பெரும்பாலும் காசு தரவில்லை. தேயிலையும் துணியும்தான் கொடுத்தார்கள். 1872இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் பின்னற்காரிகளின் வாக்குமூலங்கள் பதிவாகியுள்ளன. அழகைப் போற்றும்போது இந்த அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலப்பினப் பெருக்கத்தால் தூய ஷெட்லாந்து ஆட்டினம் குறைந்துவந்ததால், அதைக் காக்க 1927இல் மந்தைப் பதிவேட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஷெட்லாந்தில் இன்றும் இந்த ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. லேஸ் பின்னுபவர்களும் இருக்கிறார்கள்.