காலிலிருந்து இதயத்திற்கு

இதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் அடைபட்டால், காலின் நீண்ட சிரையை எடுத்து மாற்றுவழி அமைப்பது வழக்கம். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் ரெனே ஃபவலோரோ இம்முறையை நிலைநாட்டினார். நம் நாட்டில் 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இதய மாற்றுவழிச் சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார்.

சிரையை எடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, காலை நீளக் கீறி, நேரே கண்டு எடுப்பது. மற்றொன்று, முழங்காலருகே சிறு துளையிட்டு, உள்நோக்குக் கருவியின் துணையால் எடுப்பது. பின்னதில் வலி குறைவு. ஆயின், சிரை ஊறுபட்டு விரைவில் அடைபடுமோ என்னும் ஐயத்தை 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எழுப்பியது.

2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 1,150 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்தது. மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காற்புண்ணில் தொற்று கண்டவர்கள் கீறல் முறையில் நூற்றுக்கு 3.1, துளை முறையில் 1.4. ஆனால் அங்குச் சிரை எடுத்தவர்கள் அனைவரும் கைதேர்ந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

உற்றாரைப் பிரிந்து வாழும் நம் குடும்பங்களில், புண் ஆறும்வரை உடனிருக்க ஆள் கிடைப்பது அரிது. எனவே, எந்த முறை, எடுப்பவர் அதில் பழகியவரா என முன்னரே மருத்துவரை வினவி அறிதல் நலம்.