ரேமை ஜோடியாக வாங்குங்கள்

அக்கா மகள் வீடியோ எடிட்டிங் படிக்கிறாள். தன் முதல் கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்யப்போவதாகச் சொன்னவள், ரைசன் 5 7600 பிராசஸரை முடிவுசெய்துவிட்டு ரேமில் வந்து நின்றாள். "மாமா, இப்போ ஒரே ஒரு 32 ஜிபி போட்டுக்குறேன். அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்ல?"

வேண்டாம் என்றேன். அந்த பிராசஸர் இரண்டு சேனல் வழியாக ரேமோடு பேசும். டிடிஆர்5-6000 ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால் ஏட்டளவில் விநாடிக்கு 48 ஜிபி. இரண்டு இருந்தால் 96. கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் பிராசஸரின் கிராபிக்ஸையே நம்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதற்கும் இதே ரேம்தான். பிறகு வாங்கிச் சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு. ஒரே லேபிள், ஒரே மாடல் என்றாலும் உள்ளிருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வரும் ஜோடியைத்தான் சேர்த்துச் சோதித்து விற்கிறார்கள். ஆகவே இரண்டு 16.

வேகத்தைவிட முதலில் கொள்ளளவைப் பாருங்கள். ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இடம் பிடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டியும் ரேமுக்கு ஈடாகாது. பாடம், பிரவுசர், சாதாரண கேம்களுக்கு 16 ஜிபி போதும். எடிட்டிங் என்றால் 32.

வேகத்தில் பெட்டியிலுள்ள பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் சிஎல் என்றொரு எண் இருக்கும். கேட்ட தகவல் வர எத்தனை கிளாக் சுற்று காத்திருக்க வேண்டும் என்பது அது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ விநாடி கிடைக்கும். டிடிஆர்5-6000 சிஎல்30 என்றால் 10. டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.7. பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் அதே 10தான்! ரைசன் 5 7600 உட்காரும் ஏஎம்5 போர்டுக்கு என் சிபாரிசு 6000 சிஎல்30. அதற்கு மேல் போகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. நாலு ஸ்லாட் போர்டில் ஜோடியைப் போட வேண்டியது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்; போர்டு மேனுவலையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் 'டக்' என்று லாக் விழும்வரை அழுத்த வேண்டும்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது, பவரை நிறுத்திவிடாதீர்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறங்கள். 6000 வாங்கியும் 4800 என்று காட்டினால், பயாஸுக்குள் போய், ரேமை அதன் பெட்டியிலுள்ள வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யுங்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் எக்ஸ்எம்பி. அதன்பிறகும் திரை ஒருமுறை கறுத்து நிற்கும். அப்போதும் காத்திருங்கள்.