சுமை ஏற்றும் மின் மிதிவண்டி: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

தோட்டத்து வாழ்க்கை தூரத்தோடும் சுமையோடும் பிணைந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட வேண்டும். அந்தியில் பட்டணத்துக் கடையிலிருந்து அரிசியும் எண்ணெயும் கொண்டு வர வேண்டும். பால் வாளியை மிதிவண்டியின் இரு புறமும் மாட்டிக்கொண்டு செம்மண் மேட்டில் தள்ளிச் சென்ற தலைமுறையை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதன் பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. வேலை எளிதாயிற்று. ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதையும் ஆடவர் வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், ஓட்டுநர் உரிமம் இல்லாத தாய்மாரும் முதியோரும் கடைக்கோ மருந்தகத்துக்கோ செல்லப் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சொல்லி இப்பொழுது சுமை ஏற்றும் மின் மிதிவண்டிகள் விற்பனைக்கு வந்துள்ளன. மிதிப்பவருக்கு மின் விசை துணை செய்யும். பின்புறத்திலோ முன்புறத்திலோ பிள்ளையையும் பொருளையும் ஏற்றிக்கொள்ளலாம். நல்ல கருவிதான். ஆனால் இதன் விலை, பல குடும்பங்களுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளமாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை நினைவிற் கொண்டால், பிழையான வண்டியை வாங்குவது எத்துணைப் பெரிய இழப்பு என்பது விளங்கும். ஆகவே பணத்தை எடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

சுமையைக் கணக்கிடுக

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய கணக்கு இது. ஒரு தாயின் எடை 65 கிலோ என்று கொள்வோம். பிள்ளையின் எடை 22 கிலோ, புத்தகப்பை 3 கிலோ, அரிசி மூட்டை 10 கிலோ, மற்றச் சாமான்கள் 8 கிலோ. ஆக, ஏற்றுஞ்சுமை மட்டும் 43 கிலோ. ஓட்டுபவரையும் சேர்த்தால் 108 கிலோ. இத்தகைய வண்டியின் சொந்த எடையே 35 கிலோ இருக்கக்கூடும். அதையும் கூட்டினால் 143 கிலோ ஆகிறது.

ஒவ்வொரு வண்டிக்கும் 'மொத்தம் தாங்கும் எடை' என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் வண்டியின் சொந்த எடையும் அடங்குமா என்று கேட்டறிய வேண்டும். சொந்த எடையும் அடங்கும் எனில், 120 கிலோ என்று எழுதியிருக்கும் வண்டி மேற்சொன்ன தாய்க்குப் போதாது. எரிவாயுக் கலன் ஏற்றும் எண்ணமிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 14 கிலோ எரிவாயு அடங்கிய கலன், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ இரு மடங்கு கனக்கும்.

சட்டம் உறுதியாக இருப்பது வெறும் வசதிக்காக அன்று. நெதர்லாந்து நாட்டில், சுமை மிதிவண்டிகள் செய்யும் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் வண்டிகளில் சட்டம் முறிந்தமையால், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவற்றின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டனர். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

எவ்வகை வண்டி?

சுமை வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பின்தட்டு நீண்ட இருசக்கர வண்டி. இதை ஓட்டுவது வழக்கமான மிதிவண்டியை ஓட்டுவது போன்றதே. குறுகலான தோட்டத்துப் பாதைக்கும் லயத்தின் முன்னுள்ள சிறு இடத்துக்கும் ஏற்றது. இரண்டாம் வகை, முன்சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே பெட்டி பொருத்திய இருசக்கர வண்டி. சுமை தாழ்வாக அமைவதால் நிலை தடுமாறாது. ஆனால் நீளம் மிகுதி, விலையும் மிகுதி.

மூன்றாம் வகை, மூன்று சக்கர வண்டி. பினாங்கில் பயணியை முன்னே அமர்த்திச் செல்லும் பேச்சாவைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். நின்றால் சாயாது, முதியோர்க்கு நல்லது. ஆனால் வளைவில் விரைந்து திருப்பினால் ஒரு சக்கரம் எழும்பிக் கவிழ இடமுண்டு. பள்ளமும் வடிகாலும் நிறைந்த செம்மண் பாதையில் மூன்று சக்கரமும் மூன்று வெவ்வேறு தடத்தில் ஓடுவதால் குலுக்கலும் அதிகம்.

பெரும்பாலான தோட்டங்களுக்கு முதல் வகையே ஏற்றது என்பது நம் கருத்து. சக்கரத்தின் டயர் அகலமானதாகவும், நிறுத்துந்தாங்கி இரட்டைக் கால் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். ஒற்றைக் கால் தாங்கியில் பிள்ளையை ஏற்றினால் வண்டி சாய்ந்துவிடும். பின்சக்கரத்தில் பிள்ளையின் கால் சிக்காதபடி மறைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மோட்டாரும் தடுப்பானும்

மோட்டார் இரண்டு இடங்களில் பொருத்தப்படும். சக்கரத்தின் குடத்தில் அமைந்தது ஒரு வகை. இது விலை குறைவு. பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் கனத்த சுமையோடு நீண்ட மேட்டில் மெதுவாக ஏறும்போது சூடேறித் திணறும். மிதி அச்சில் அமைந்தது மற்றொரு வகை. இது பல்சக்கரங்களின் துணையோடு இழுப்பதால் மேட்டில் நன்கு ஏறும். ஆனால் விலை கூடுதல். சங்கிலியும் விரைவில் தேயும். சமதரையில் உள்ள தோட்டத்துக்கு முதல் வகை போதும். மலைச்சரிவில் உள்ள தோட்டத்தார் இரண்டாவதை எண்ணிப் பார்க்கலாம்.

மோட்டாரைப் பற்றி விசாரிப்போர் பலர். தடுப்பானைப் பற்றி விசாரிப்போர் சிலர். இது தலைகீழான வழக்கம். மேட்டில் ஏறாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் நில்லாத வண்டியை என் செய்வது? சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரப்பர்க்கட்டைத் தடுப்பான், மழையிலும் சேற்றிலும் பிடிப்பை இழக்கும். ஆகவே இரு சக்கரங்களிலும் வட்டுத் தடுப்பான் உள்ள வண்டியையே வாங்குக. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டுத் தடுப்பான் மிகச் சிறந்தது. கம்பியால் இழுக்கும் வட்டுத் தடுப்பானும் போதுமானதே. ஆனால் அடிக்கடி முடுக்கிச் சரிசெய்து வர வேண்டும்.

பழைய மிதிவண்டியில் மோட்டாரை மட்டும் பொருத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கின்றனர். தனியாள் ஓட்டத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் பழைய சட்டமும் தடுப்பானும் இத்தனை சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிள்ளையை ஏற்றும் வண்டிக்கு அம்முறை வேண்டா.

மின்கலம் எத்தனை தூரம் ஓடும்?

விற்பவர் சொல்லும் தூரம் பெரும்பாலும் எடை குறைந்த ஒருவர் சமதரையில் சுமையின்றி ஓட்டிய தூரமாகும். நமக்கு வேண்டிய தூரத்தை நாமே கணக்கிடலாம். மின்கலத்தில் எழுதியுள்ள வோல்ட் எண்ணையும் ஆம்பியர்-மணி எண்ணையும் பெருக்குக. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. 48 வோல்ட், 15 ஆம்பியர்-மணி என்றால் 720 வாட்-மணி. சுமையோடு மேடு பள்ளத்தில் செல்லும்போது கிலோமீட்டருக்கு 15 வாட்-மணி செலவாகும் என்று கொள்வது பாதுகாப்பான கணக்கு.

பள்ளி 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் விட்டு வரவும் பகலில் அழைத்து வரவும் மொத்தம் 16 கிலோமீட்டர். கடைக்குப் போய் வர 10 கிலோமீட்டர். ஆக 26 கிலோமீட்டருக்கு 390 வாட்-மணி வேண்டும். சிறிய மின்கலம் முதல் நாளே போதாது. பெரியது போதும், ஆண்டுகள் சென்று அதன் கொள்ளளவு 70 விழுக்காடாகக் குறைந்தாலும் 504 வாட்-மணி எஞ்சியிருக்கும். பெரிய மின்கலத்தை முழுதும் நிரப்பினாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குள் அடங்கும். அதற்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்டை எட்டாது.

வீட்டைக் காக்கும் விதிகள்

இங்குதான் மிக்க விழிப்பு வேண்டும். இவ்வண்டிகளில் உள்ளது லித்தியம் மின்கலம். அது கெட்டுத் தீப்பிடித்தால் தீ சில வினாடிகளில் பரவும், நச்சுப்புகை எழும். 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மட்டும் லித்தியம் மின்கலத் தீயினால் 18 பேர் உயிரிழந்தனர். அடுத்தடுத்து ஒரே கூரையின்கீழ் அமைந்த நம் லயங்களில், ஒரு வீட்டின் கவனக்குறைவு எல்லா வீடுகளையும் தாக்கும்.

வண்டியுடன் வந்த மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்துக. விலை குறைவு என்று வேறொன்றை வாங்கிச் செருகலாகாது. மின்னேற்றியில் சிரிம் முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குக. பல செருகிகள் மாட்டிய நீட்டிப்புப் பலகையில் இணைக்காமல், சுவரிலுள்ள மின்வாயில் நேராக இணைக்கவும். வீட்டின் கம்பிகள் பழையவையாயின், தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முதலில் சோதிக்கவும். இரவில் எல்லாரும் உறங்கும்போது மின்னேற்ற வேண்டா. வாசற்படியிலும் படுக்கையருகிலும் வைத்து மின்னேற்றவே கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி அடைபடும். பகலில், கூரைக்கடியில், சிமெண்டுத் தரையில் வைத்து ஏற்றுவது நல்லது.

கீழே விழுந்து நசுங்கிய, வெள்ளத்தில் மூழ்கிய, அல்லது வீங்கிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. தீ மூண்டுவிட்டால் பொருளைக் காக்க முயலாமல் அனைவரும் வெளியேறி, அண்டை வீட்டாரையும் எழுப்பி, 999 எண்ணை அழைக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

மின்சாரத்தில் ஓடுவன எல்லாம் மிதிவண்டி ஆகிவிடா. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில், மின் ஸ்கூட்டர் முதலிய சிறு மின் ஊர்திகளைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குத் தடை உண்டென நம் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. மிதித்தால் மட்டுமே துணை செய்யும் வண்டி வேறு. மிதியாமலே கைப்பிடியை முறுக்கினால் ஓடும் வண்டி வேறு. ஐரோப்பிய நாடுகளில், மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும், மின்துணையின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகாதவையே மிதிவண்டியாகக் கருதப்படும். இவ்வளவுக்குள் அடங்கிய வண்டியைத் தேடுவது அறிவுடைமை. வாங்குமுன் அதன் விவரத்தாளை அருகிலுள்ள ஜே.பி.ஜே. அலுவலகத்தில் காட்டிக் கேட்பதற்குக் காசு செலவில்லை.

ஜோகூர்த் தோட்டத்தார் சிலர் சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினருக்கும் ஒன்று வாங்க எண்ணலாம். சிங்கப்பூரில் மின் மிதிவண்டியின் எடை 20 கிலோவுக்கு மேற்படலாகாது. பதிவும் எழுத்துத் தேர்வும் கட்டாயம். சுமை வண்டிகளில் பெரும்பாலானவை அவ்வெடையைக் கடந்தவை.

தவணையின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ரொக்க விலை 4,000 ரிங்கிட். முன்பணம் 400 ரிங்கிட். மாதம் 135 ரிங்கிட் வீதம் 36 மாதம். 'மாதம் 135 தானே' என்று காதுக்கு எளிதாக ஒலிக்கிறது. கூட்டிப் பார்த்தால் 5,260 ரிங்கிட். ரொக்க விலையினும் 1,260 ரிங்கிட் கூடுதல். இத்துடன் சில ஆண்டுகளில் புதிய மின்கலம் வாங்கும் செலவும் வரும். ஆகவே தவணையை மட்டும் நோக்காமல், மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துப் பின்னரே கையொப்பமிடுக. இயன்றால் ஓராண்டு சேமித்து ரொக்கத்தில் வாங்குவதே மேல்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை ஐந்து: மொத்தம் தாங்கும் எடை எவ்வளவு? மின்கலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? புதிய மின்கலம் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? பழுது பார்க்கும் இடம் எங்கே? தடுப்பான் கட்டை, டயர் ஆகியவை பக்கத்துப் பட்டணத்தில் கிடைக்குமா? விடைகளை எழுத்தில் வாங்கிக்கொள்க. பின்னர், வீட்டில் ஏற்றப்போகும் அளவு சுமையை ஏற்றி, மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்கவும். சுமையேற்றி ஓட்டிப்பார்க்க இசையாத கடைக்காரரிடம் வாங்க வேண்டா.

நாள்தோறும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்வோர்க்கு இவ்வண்டி ஏற்றதன்று. அவர்கள் இருக்கும் மோட்டார் சைக்கிளைப் பேணிக் காப்பதே சிக்கனம். ஆனால் நாலைந்து கிலோமீட்டருக்குள் பள்ளியும் கடையும் மருந்தகமும் அமைந்த குடும்பத்துக்கு, ஆராய்ந்து வாங்கிய வண்டி உற்ற துணையாகும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை, யாரேனும் வருவார்களா என்று காத்திராமல், தாயே மருந்தகத்துக்குக் கொண்டு செல்லலாம். அந்தப் பயன் கிட்ட வேண்டுமானால் ஆழமறிந்து காலை விடுதல் வேண்டும். இன்றிரவே ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டின் சுமையையும் தூரத்தையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.