கடைசி அரைத்துளி

பி.எஸ்சி வேதியியலில் சேர்ந்ததுமே பியூரெட் கைக்கு வந்துவிடுகிறது. பிளஸ் டூவில் செய்ததுதானே என்று பல மாணவர்கள் டைட்ரேஷனை அலட்சியமாகவே தொடங்குகிறார்கள். இளஞ்சிவப்பு வந்தது, குழாயை மூடினோம், சூத்திரத்தில் எண்ணைப் போட்டோம், முடிந்தது. ஆனால் ஒரு வேதியியலரின் கை பழகுவதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை என்பேன். கை செய்யும் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடிக் கருவிகளைக் கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியபின், அதில் நிரப்பப்போகும் கரைசலைக் கொஞ்சம் விட்டு அலச வேண்டும். பிப்பெட்டுக்கும் இதே விதிதான். கூம்புக் குடுவைக்கு வாலைவடிநீர் மட்டும் போதும். பியூரெட்டின் உள்சுவரில் தண்ணீர் ஒட்டியிருந்தால் கரைசல் நீர்த்துப்போய், அளவு கூடுதலாகக் காட்டும். குடுவைக்குள் தண்ணீர் இருந்தால் ஒன்றும் கெடாது. பிப்பெட்டில் அளந்து விட்ட 20 மி.லி-யில் எவ்வளவு அமிலம் இருந்ததோ, அவ்வளவுதான் இப்போதும் இருக்கிறது. குடுவையைக் கரைசலால் அலசினால்தான் கணக்கில் வராத அமிலம் உள்ளே தங்கிவிடும். இது புரிந்தவருக்கு விதியை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் அளவிடும் சோதனை இன்னும் சுவையானது. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, முதல் துளியை விட்டால் அதன் நிறம் உடனே போகாது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் மளமளவென்று விட்டால் மாங்கனீசு டை ஆக்சைடு உண்டாகிப் பழுப்பாகக் கலங்கிவிடும். அந்தச் சோதனை வீண். முதல் துளி வினைபுரிந்து மறைந்ததும் மாங்கனீசு அயனிகள் உருவாகின்றன. அவையே வினையூக்கியாகி அடுத்தடுத்த துளிகளை வேகமாக நிறமிழக்கச் செய்கின்றன. தன் விளைபொருளாலேயே வேகம் பிடிக்கும் வினையை வகுப்பில் வரைபடமாகப் பார்க்கிறோம். இங்கே அது நம் கண்முன், நம் கையசைவில் நடக்கிறது.

முடிவு நெருங்கும்போதுதான் கைத்திறன் தெரியும். ஒரு துளி ஏறக்குறைய 0.05 மி.லி. அதையும் பாதியாக்கலாம்: குழாயை லேசாகத் திருப்பி, முனையில் முழுத்துளி ஆவதற்கு முன்பே குடுவையின் சுவரில் தொட்டெடுத்து, வாலைவடிநீரால் உள்ளே கழுவிவிட வேண்டும். வெளிறிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் அளவை மேல்விளிம்பில் படிக்கிறோம். தொடங்கும் முன்பே முனையில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நடுவில் அது வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பிய கரைசலும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பியூரெட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கார்ல் பிரெடெரிக் மோர். மருந்தாளுநரான அவர் 1855-இல் டைட்ரேஷன் முறைகளுக்கென்றே பாடநூல் எழுதினார். நம் ஆய்வக அலமாரியில் இருக்கும் வெளிர்பச்சை மோர் உப்பும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருக்குச் சற்று முன்பு, 1824-இல் 21 வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான யூஸ்டஸ் லீபிக், மாணவர்களைத் தாமே சோதனை செய்ய வைத்துக் கற்பித்தார். பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அங்கே படிக்க வந்தார்கள்.

அந்த வழியில் வந்த நம் ஆய்வகங்களில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. பக்கத்து மேசையில் 18.4 வந்தால் தனக்கும் 18.4 என்று எழுதிவிடுவது. ஒத்த அளவு கிடைத்தால்தான் மதிப்பெண் என்ற பயம் இதைச் செய்ய வைக்கிறது. 18.35, 18.45, 18.40 என்று உண்மையாக எழுதிய மாணவி, ஒரே எண்ணை மூன்று முறை எழுதியவரைவிடத் தன் கையை நன்றாக அறிந்தவள். அளவைக் கண்டவுடன் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். தவறானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதலாம். பென்சிலால் எழுதி அழிக்க அனுமதிக்கும் ஆசிரியர், மாணவர் எங்கே தவறினார் என்று கண்டுபிடிக்கும் வழியையே அடைத்துவிடுகிறார்.

கையைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. 20 மி.லி பிப்பெட், மில்லிகிராம் வரை காட்டும் தராசு, மூடியுள்ள சிறு குடுவை, தண்ணீர் இவை போதும். வாயால் உறிஞ்ச வேண்டாம், ரப்பர் பல்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை விட்டு, பிப்பெட்டின் முனையைச் சுவரில் தொட்டெடுத்து, உள்ளே தங்கும் கடைசித் துளியை ஊதாமல் விட்டு, எடை போடுங்கள். 30 டிகிரியில் 20 மி.லி தண்ணீர் ஏறக்குறைய 19.9 கிராம் இருக்கும். எடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தும் இந்த எண்ணைவிட்டு விலகியிருந்தால், பிப்பெட்டின் அளவுக்கோட்டையோ கடைசித் துளியைக் கையாளும் முறையையோ சந்தேகிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், கோட்டில் நிறுத்தும் ஆள்காட்டி விரல் இன்னும் பழகவில்லை. ஒரு மதிய வேளைக்குள் இது தெரிந்துவிடும், செலவாவது தண்ணீர் மட்டும்தான்.