பழைய மோட்டார் வண்டியின் மின் பெற்றோல் பம்பி: பழுதை அறியும் முறை

மரக்கறி மூடைகளுடன் விடியற்காலையிற் சந்தைக்குப் புறப்பட்ட வண்டி நடுவழியில் நின்றுவிடின், அதனால் வரும் நட்டம் கமக்காரரையே சாரும். கீரையும் கத்தரியும் வெயிலில் வாடும். சந்தை கலைந்தபின் கொண்டு சென்றால் நல்ல விலை கிடையாது. பழுது இன்னதென அறியாது புதிய பம்பியை வாங்கிப் பூட்டுவோர் பலர். ஒரு கறள் பிடித்த கம்பி முனையே காரணமாயிருந்தால், அவ்வாறு செலவிட்ட பணம் வீணாகும். வண்டியும் மறுபடி நிற்கும். ஆகவே பழுது இருக்குமிடத்தை ஒழுங்காகத் தேடி அறியும் முறை இங்கு கூறப்படுகின்றது.

இலங்கையில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளுள் மொறிஸ் மைனர் யாவரும் அறிந்தது. 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட இவ்வண்டி, 1953 முதல் சிறிய வான் ஆகவும் பிக்கப் ஆகவும் வெளிவந்தது. இதன் பெற்றோல் பம்பி எஞ்சினால் இயக்கப்படுவதன்று. மின்னால் இயங்கும் எஸ்.யூ. வகைப் பம்பியாகும். எஞ்சின் அறையின் பின்சுவரில் இது பொருத்தப்பட்டிருக்கும்.

பம்பி வேலை செய்யும் விதம்

பம்பியினுள் ஒரு மின்சுருளும், அதனால் இழுக்கப்படும் இரும்புத் தட்டும், அத்தட்டுடன் இணைந்த மென்றகடும், ஒரு சோடி தொடுமுனைகளும் உள்ளன. சாவியைத் திருப்பியதும் மின்னோட்டம் சுருளிற் பாய்ந்து, மென்றகட்டை இழுக்கும். தாங்கியிலிருந்து பெற்றோல் உள்ளே வரும். இழுப்பு முடிந்தவுடன் தொடுமுனைகள் பிரிந்து மின்னோட்டம் நிற்கும். அப்போது ஒரு சுருள்வில் மென்றகட்டைத் திருப்பித் தள்ள, பெற்றோல் காபுரேற்றருக்குச் செல்லும். தள்ளல் முடிந்ததும் தொடுமுனைகள் மீண்டும் சேரும். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்னும் ஒலி கேட்கும்.

காபுரேற்றரின் மிதவை அறை நிரம்பியதும் அங்குள்ள ஊசி வால்வு மூடிக்கொள்ளும். பெற்றோல் செல்ல வழியின்மையாற் பம்பியும் தானே நிற்கும். எனவே மிதவை அறை நிரம்பியிருக்கையிற் பம்பி மௌனமாயிருப்பது பழுதன்று.

முன்னெச்சரிக்கை

பெற்றோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. சிறு பொறியினாலும் தீப்பற்றும். இவ்வண்டியிற் காபுரேற்றருக்குக் கீழேயே புகைபோக்கியின் சூடான பகுதி இருத்தலால் அபாயம் அதிகம். ஆதலால்:

(அ) எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும்.

(ஆ) சுருட்டு, பீடி, விளக்கு எதுவும் அண்மையில் இருத்தலாகாது. ஒரு வாளி உலர்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் நன்று.

(இ) மின் சோதனைகளை முதலிற் செய்க. பெற்றோற் குழாயைக் கழற்றுவது பின்னரேயாகும். பெற்றோல் கசிந்திருக்கும் இடத்தில் மின்கம்பிகளைத் தொடுத்துப் பார்த்தல் கூடாது.

(ஈ) கம்பியையோ குழாயையோ கழற்றுமுன் பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுக.

ஒலியைக் கொண்டு அறிதல்

சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காது, பம்பியின் ஒலியைக் கவனித்தல் முதல் வேலையாகும். நல்ல பம்பி சில முறை விரைவாக ஒலித்து, மிதவை அறை நிரம்பியதும் அடங்கிவிடும்.

ஒலி ஓயாது விரைவாகக் கேட்டும் பெற்றோல் வராவிடின், தாங்கி வெறுமையாயிருக்கலாம். அல்லது தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள இணைப்பொன்றிற் காற்று நுழையலாம். ஒலி மெதுவாகவும் வருத்தத்துடனும் கேட்பின், வடியோ குழாயோ அடைபட்டிருக்கலாம். தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டாலும் இவ்வாறே நிகழும். மூடியைத் தளர்த்தியதும் பம்பி சீராக ஒலித்தாற் காரணம் அதுவே. எஞ்சின் நின்றிருக்கையில் இடைவிட்டு ஒலி வந்துகொண்டேயிருப்பின், எங்கேனும் பெற்றோல் கசிகின்றது. அன்றேற் பம்பியின் வால்வுகள் சரியாக மூடவில்லை. கசிவை உடனே தேடுதல் வேண்டும்.

இவை யாவும் பம்பிக்கு மின்னோட்டம் கிடைக்கின்றது என்பதற்குச் சான்று. ஒலியே இல்லாவிடின் மாத்திரம் கீழ்வரும் சோதனைகளைச் செய்க.

மின் சோதனை

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. 12 வோல்ற்று, 21 உவாற்று மின்குமிழ் ஒன்றை இரு நீண்ட கம்பிகளுடன் இணைத்துக்கொண்டாற் போதும். பிறேக் விளக்கின் குமிழ் இதற்கு ஏற்றது. மிகச் சிறிய குமிழ் கறள் பிடித்த இணைப்பினூடாகவும் எரிந்து ஏமாற்றக்கூடும். இவ்வண்டிகளிற் பற்றரியின் நேர் முனையே வண்டியின் உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது. பின்னர் மாற்றப்பட்ட வண்டிகளும் உண்டு. குமிழ்ச் சோதனைக்கு இரண்டும் ஒன்றே.

1. சாவியைத் திருப்பியதும் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க. எரியாவிடின், அந்த விளக்கின் குமிழ் நல்லதாயிருக்கும் பட்சத்தில், பழுது பம்பியில் இல்லை. பற்றரியிலோ, சாவி ஆளியிலோ, அதற்கு வரும் கம்பியிலோ உண்டு.

2. சிவப்பு விளக்கு எரியின், பம்பியின் கம்பியைக் கழற்றாமலே குமிழின் ஒரு முனையைப் பம்பியின் மின்முனையிலும், மற்றையதைச் சுரண்டித் துப்புரவாக்கிய வண்டியுடலிலும் வைக்க. குமிழ் எரியாவிடின் ஆளியிலிருந்து பம்பிக்கு வரும் வெள்ளைக் கம்பி அறுந்தோ, இணைப்புக் கறள் பிடித்தோ இருக்கும். மங்கலாக எரியினும் இணைப்புகளையே சந்தேகித்தல் வேண்டும்.

3. நன்றாக எரியின், வண்டியுடலில் வைத்த முனையை எடுத்துப் பம்பியின் உலோக உடலில் வைக்க. வண்டியுடலில் எரிந்த குமிழ் இங்கு எரியாவிடின், அல்லது மங்கினால், பம்பிக்குப் புவித்தொடுப்பு இல்லை. பம்பியின் உடலிலிருந்து வண்டிக்குச் செல்லும் சிறு கம்பியைக் கழற்றி, இரு முனைகளையும் பளிச்சிடச் சுரண்டி, இறுகப் பூட்டுக. மழையிலும் சேற்றிலும் ஓடும் பழைய வண்டிகளில் இப்பழுதைப் பலரும் கவனியாது விடுவர்.

4. இரண்டிடத்தும் குமிழ் நன்கு எரிந்தும் பம்பி ஒலியாவிடின், பம்பியைக் குற்றஞ் சொல்லுமுன் ஊசி வால்வைச் சோதிக்க. பற்றரியைக் கழற்றி, காபுரேற்றருக்குச் செல்லும் குழாயை எடுத்து, அதனுடன் ஓர் இறப்பர்க் குழாயைச் சேர்த்து, முனையை எஞ்சினுக்கு அப்பால் ஓர் உலோகப் பாத்திரத்தில் விடுக. பின்னர் பற்றரியைத் தொடுத்து, மற்றொருவரைக் கொண்டு சில கணம் சாவியைத் திருப்புவிக்க. பம்பி ஒலித்துப் பெற்றோல் பாய்ந்தால் அது நல்லது. ஊசி வால்வு ஒட்டிக்கொண்டதே பழுதாகும். எஸ்.யூ. 'எல்' வகைப் பம்பி மணிக்கு ஏறத்தாழ 36 லீற்றர், அதாவது 8 கலன், தரவல்லது. ஆகவே பெற்றோல் துளியாக அன்றித் தாராளமாகவே வரும்.

5. அப்பொழுதும் ஒலியாவிடின், திருப்புளியின் மரப்பிடியாற் பம்பியை மெல்லத் தட்டுக. ஒலிக்கத் தொடங்கினால் தொடுமுனைகள் அழுக்கடைந்துள்ளன. தட்டி ஓட்டுவது வீடு சேர மாத்திரமே உதவும்; அதனைப் பரிகாரமாகக் கொள்ளலாகாது.

தொடுமுனைகளைத் துப்புரவாக்கல்

குழாயைத் திரும்பப் பூட்டி, சிந்திய பெற்றோலைத் துடைத்து, பற்றரியைக் கழற்றிய பின், பம்பியின் முனையிலுள்ள சுரையையும் மூடியையும் எடுக்க. தொடுமுனைகளுக்கு இடையில் ஒரு துண்டு சுத்தமான மட்டையைச் செருகி, மெல்ல இழுத்து அழுக்கை அகற்றுக. அரத்தால் அராவுதல் கூடாது. முனைகள் குழிவிழுந்து கருகியிருப்பின் இரு பக்கத்தையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றையது அதனையும் கெடுத்துவிடும். துப்புரவாக்கியும் பம்பி இயங்காவிடின், சுருள் அறுந்திருக்கலாம். அல்லது நெடுநாள் ஓடாது நின்ற வண்டியில் மென்றகடு இறுகியிருக்கலாம். அந்நிலையிலேயே பம்பியைத் தேர்ந்த திருத்துநரிடம் கொடுத்தலோ புதியது வாங்குதலோ தகும்.

புதியது வாங்கும்போது வண்டியின் எம்முனை உடலுடன் தொடுக்கப்பட்டுள்ளதென அறிந்து செல்லுதல் வேண்டும். தொடுமுனைகளற்ற இலத்திரனியற் பம்பிகளை முனை மாற்றிப் பூட்டினாற் பழுதாகும். பழைய எஸ்.யூ. பம்பியின் தொடுமுனைகளைக் காக்க உள்ளே டையோட்டு வைக்கப்பட்டிருப்பின் அதற்கும் இது பொருந்தும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

எஞ்சின் நின்றிருக்கையிற் சாவியைத் திருப்பியபடி விட்டுச் செல்லலாகாது. தொடுமுனைகள் சேர்ந்தபடி பம்பி நின்றிருந்தாற் சுருள் சூடேறிக் கெடும். சாவி திருப்பியிருக்கும் வரை, குழாய் உடைந்தாலும் இப்பம்பி பெற்றோலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஆதலின் விபத்து நேர்ந்தாலோ, பெற்றோல் மணம் வீசினாலோ, முதலிற் செய்ய வேண்டியது சாவியை மூடுதலே. பம்பியின் வடியையும், மின்முனையையும், புவித்தொடுப்பையும் அறுவடைக்கு முன் ஒருமுறை துப்புரவாக்கி வைப்பின், சந்தைக்குப் போகும் நாளில் வண்டி வழியில் நிற்பது பெரிதும் குறையும்.