கசியும் பானை, காயும் தட்டு

அடுக்களை மண்பானையின் வெளிப்புறம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். உள்ளே தண்ணீர் உள்ளவரை கசிவு நிற்காது. கழுவி முற்றத்தில் வைத்த எவர்சில்வர் தட்டு அப்படியல்ல. மழையில் நிறையும், வெயிலில் காயும், ஒரு சொட்டும் அடியில் இறங்காது. அமெரிக்காவின் அரிய பூச்சிகள் இரண்டு, ஆளுக்கொரு பாத்திரத்தை நம்பிப் பிழைக்கின்றன.

ஹைன் மரகதத் தும்பிக்குப் பானை. இல்லினாய், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில், டோலமைட் பாறை மேலாகவே கிடக்கும் இடங்களில் நிலத்தடி நீர் சில்லென்று கசிந்து, கோரைகளுக்கு நடுவே மெல்லிய ஓடையாக நகரும். தும்பியின் லார்வா நான்கைந்து ஆண்டுகள் அதில்தான் வளர்கிறது. சிறகோடு வாழ்வது சில வாரங்களே.

கோடையில் ஓடை வற்றினால்? இறால் போன்ற கிரேஃபிஷ் தோண்டிய வளைக்குள் லார்வா இறங்கிவிடும். வளையின் அடி நிலத்தடி நீரைத் தொடுவதால் அங்கே ஈரம் இருக்கும். ஆனால் அந்த கிரேஃபிஷே லார்வாவைப் பிடித்துத் தின்னும்! அப்படியிருந்தும், வறட்சிக் காலத்தில் வளை இல்லாமல் தும்பிக்குக் கதியில்லை. தும்பியைக் காக்க அதைத் தின்னும் பிராணியையும் காக்க வேண்டும் என்பது என்னை வியக்க வைக்கிறது.

டெல்டா பச்சைத் தரைவண்டுக்குத் தட்டு. கலிபோர்னியாவின் சொலானோ மாவட்டத்து ஜெப்சன் புல்வெளியில், அடியிலுள்ள களிமண் அடுக்கு குளிர்கால மழையைத் தேக்கிக் குட்டைகளாக்குகிறது. நீர் வற்றி வரும் வசந்தத்தில், ஈர விளிம்பின் வெற்று மண்ணில் ஆறு மில்லிமீட்டர் வண்டு வெயிலில் ஓடி, ஸ்பிரிங்டெயில் போன்ற சிற்றுயிர்களைக் கண்ணால் பார்த்து வேட்டையாடும். கோடையில் அது கண்ணிலேயே படாது.

அமெரிக்கச் சட்டம் வண்டுக்கு 1980லும் தும்பிக்கு 1995லும் பாதுகாப்பு அளித்தது. இரண்டும் ஈரநிலப் பூச்சிகள் என்று ஒரே வைத்தியம் பார்க்க முடியாது. தும்பியின் அருகே குவாரி வெட்டி, ஆழ்துளைக் கிணற்றில் நீரை உறிஞ்சினால் பானை காலி. மேலே வேலி போட்டுப் பயனில்லை. வண்டின் குட்டையை ஆழ உழுதால் தட்டில் ஓட்டை. காய்கிறதே என்று இரங்கிக் கோடையில் தண்ணீர் பாய்ச்சினாலும் கெடுதல்தான்: குட்டை சதுப்பாகி, செடிகள் அடர்ந்து, வண்டு ஓடும் வெற்று மண் மூடிப்போகும்.