மங்கிய திரைக்கு ஒரு டார்ச்

லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றியதும் திரை மங்குகிறதா? பழுது இல்லை. பேட்டரியை மிச்சம்பிடிக்க விண்டோஸ் தானே செய்கிற வேலை அது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போனால் நிறுத்திவிடலாம்.

படம் ஓடும்போது வெளிச்சம் ஏறி இறங்கினால் கதை வேறு. திரையில் ஓடுவது இருட்டுக் காட்சியா, பளிச்சென்ற காட்சியா என்று பார்த்து வெளிச்சத்தை மாற்றும் வசதி விண்டோஸ் 11-இல் உண்டு. டிஸ்ப்ளே பகுதியில், பிரைட்னஸுக்குக் கீழே இருக்கிறது. போட்டோ திருத்துகிறவர்கள் இதை முதலில் அணைத்துவிடுவது நல்லது.

வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையையே காணோமா? டிஸ்ப்ளே டிரைவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே அதை இறக்கிக்கொள்ளுங்கள்; விளம்பரத்தில் வரும் இலவச அப்டேட்டர்கள் பக்கமே போகாதீர்கள்.

திரை முழுக்க இருண்டுவிட்டது, உள்ளே மின்விசிறி மட்டும் ஓடுகிறது என்றால், அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்தோ படமோ லேசாகத் தெரிந்தால், எல்சிடி வேலை செய்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் விளக்கோ, விளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் வழியோதான் கெட்டிருக்கிறது. பழுது பார்க்கிறவரிடம் இதைச் சொன்னால் பாதி வேலை மிச்சம். ஓஎல்இடி திரையில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, அதில் பின்விளக்கே கிடையாது.